எழுதுகிறவருக்கு என்ன கிடைக்கிறது: மலாவியின் தொடுதிரைப் பதிவேடு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2004 ஜூன் மாதத்தில், தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியின் அரசு எச்.ஐ.வி. தொற்றுக்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை நாடு முழுவதும் இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, அந்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ 12 சதவீதத்தினர் தொற்றுடன் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கவனிக்க இருந்த மருத்துவர்களோ லட்சம் பேருக்கு இருவர் என்ற கணக்கில்தான் இருந்தார்கள். மருந்துக்கான பணத்தை, எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றை எதிர்ப்பதற்கான உலக நிதியம் கொடுத்தது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் என்ற மூன்று மருந்துகளும் ஒரே மாத்திரையில் அடங்கிய மலிவான தயாரிப்பு இந்தியாவிலிருந்து வந்தது. பணமும் மருந்தும் வந்த பிறகு எஞ்சி நின்ற கேள்வி, யாருக்கு மருந்து கொடுத்தோம், அவர் அடுத்த மாதம் வந்தாரா, வராவிட்டால் என்ன ஆனார் என்பதை யார், எதில், எப்படி எழுதி வைப்பது என்பதுதான். வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டிய சிகிச்சையில் அதுவே உயிர் போகிற கேள்வி.

அந்தக் கேள்விக்கு மலாவி கண்ட விடை, காகிதப் பேரேட்டில் தொடங்கித் தொடுதிரைக் கணினிப் பதிவேடாக, சுமார் பத்தாண்டுகளில் படிப்படியாக உருவானது. ஆப்பிரிக்காவின் மின்னணு மருத்துவப் பதிவேடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் தொழில்நுட்பத்தைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். என் பார்வையில் அதைவிட முக்கியமான செய்தி வேறு. பதிவை எழுதும் செவிலியருக்கு, எழுதிய அந்த நிமிடத்திலேயே ஏதேனும் ஒரு பயன் கிடைக்கும்படி அந்த அமைப்பு கட்டப்பட்டிருந்தது. அது நிலைத்து நின்றதற்கும், அதன் தரவு நம்பத்தக்கதாக இருந்ததற்கும் அதுவே அடிப்படைக் காரணம் என்பதை இந்த ஆய்வு காட்ட முயல்கிறது.

கணினிக்கு முன்பிருந்த காகிதம்

மலாவி கணினியிலிருந்து தொடங்கவில்லை. காசநோய்த் திட்டத்தில் பல ஆண்டுகள் பழகிப்போன பதிவு முறையை, அந்தத் திட்டத்தில் பணியாற்றிய மருத்துவர் அந்தோணி ஹாரிஸ் உள்ளிட்டோர் எச்.ஐ.வி. சிகிச்சைக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார்கள். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, ஏ.ஆர்.டி. எனப்படும் இந்தக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தரும் மையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரேடு, காலாண்டுக்கு ஒரு முறை கூட்டிப் பார்த்து எழுதும் ஓர் அறிக்கை, இவ்வளவுதான். சிகிச்சை தொடங்கியவர்களில் உயிரோடு மருந்து எடுப்பவர் எத்தனை பேர், இறந்தவர் எத்தனை பேர், வேறு மையத்துக்கு மாறியவர் எத்தனை பேர், மருந்தை நிறுத்திக்கொண்டவர் எத்தனை பேர், வராமலே போனவர் எத்தனை பேர் என்று அந்த அறிக்கை கேட்டது. சிகிச்சையைப் பெரும்பாலும் மூன்றாண்டுப் பயிற்சியும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் பெற்ற மருத்துவ அலுவலர்களும் செவிலியர்களுமே கொடுத்தார்கள். ஆகவே, கேட்கும் தகவலையும் அவர்களால் தாங்கக்கூடிய அளவுக்குள் நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த முறையின் உயிர்நாடி மேற்பார்வைதான். சுகாதார அமைச்சகத்தின் எச்.ஐ.வி. பிரிவைச் சேர்ந்தவர்கள் காலாண்டுதோறும் எல்லா மையங்களுக்கும் நேரில் போனார்கள். மையம் எழுதி வைத்த அறிக்கையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், அட்டைகளையும் பேரேட்டையும் தாங்களே எண்ணிப் பார்த்து, தவறு இருந்தால் அங்கேயே உட்கார்ந்து ஊழியர்களோடு சேர்ந்து திருத்தினார்கள். நன்றாகச் செய்த மையத்துக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். எங்கோ ஒரு மாவட்ட மருத்துவமனையில், பகல் முழுவதும் நோயாளிகளைப் பார்த்துவிட்டு மாலையில் பேரேட்டை நிரப்பும் ஒரு செவிலியருக்கு, தான் எழுதியதைத் தலைநகரிலிருந்து வந்த ஒருவர் வரி வரியாகப் படித்துப் பார்க்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அரசு அலுவலகங்களில் பதிவேடு நிரப்பிப் பழகியவர்கள் உடனே உணர்வார்கள். எழுதியதை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்துவிட்டால் எவரும் அக்கறையோடு எழுத மாட்டார்கள்.

ஆயினும் காகிதம் ஓர் எல்லைக்கு மேல் தாங்கவில்லை. 2006 முடிவதற்குள் சிகிச்சை மையங்கள் நூற்றைத் தாண்டின. பதிவு செய்யப்பட்டவர்கள் 80 ஆயிரத்தைத் தாண்டினார்கள். காலாண்டு அறிக்கை அந்தக் காலாண்டில் சேர்ந்தவர்களை மட்டும் எண்ணுவதில்லை. தொடக்கம் முதல் சேர்ந்த அனைவரின் நிலையையும் ஒவ்வொரு முறையும் மீண்டும் எண்ண வேண்டும். இருநூறு அட்டைகள் உள்ள இடத்தில் அது ஒரு பிற்பகல் வேலை. சில ஆயிரம் அட்டைகள் உள்ள இடத்தில் நாள்கணக்கில் ஆகும், அந்த நாள்களில் நோயாளிகளைப் பார்க்க வேண்டிய கைகளும் அதற்கே போய்விடும். 89 மையங்களின் அறிக்கைகளை மேற்பார்வையாளர்களின் நேரடி எண்ணிக்கையோடு ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, மையங்கள் தாங்களே எழுதிய அறிக்கைகளை மட்டும் நம்பியிருந்தால் முதல்நிலை மருந்து (சிகிச்சை தொடங்கும்போது முதலில் கொடுக்கும் மருந்து) எடுப்பவர்களின் தேசிய எண்ணிக்கை 12 சதவீதம் குறைந்து போயிருக்கும் என்று காட்டியது. அடுத்து எவ்வளவு மருந்து வாங்குவது என்பதை இந்த எண்களை வைத்தே முடிவு செய்தார்கள் என்பதால், அந்த 12 சதவீதத்தைக் கூட்டல் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. நேரில் போய் எண்ணித் திருத்தாமல் இருந்திருந்தால், மருந்துக் கிடங்கில் அது பற்றாக்குறையாக வந்து நின்றிருக்கும்.

தொடுதிரை வந்த விதம்

காகிதம் திணறத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 2001-இல், தலைநகர் லிலோங்வேயின் கமுசு மத்திய மருத்துவமனையில் ஜெரி டக்ளஸ் என்ற கணினியியலாளர் ஒரு சிறு முயற்சியைத் தொடங்கியிருந்தார். பின்னாளில் பாவோபாப் ஹெல்த் டிரஸ்ட் என்ற பெயரில் மலாவி நிறுவனமாக வளர்ந்தது அதுதான். விசைப்பலகையும் சுட்டியும் பழகாதவர்கள், ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதுகிறவர்கள், இவர்களுக்கு ஏற்றது விரலால் தொட்டு நகர்த்தும் திரையே என்பது அவர்களின் முடிவு. அமெரிக்காவில் வியாபாரம் சரிந்துபோன ஓர் இணையக் கருவியை மலிவாக வாங்கி, அதில் தொடுதிரை பொருத்தித்தான் முதலில் வேலையை ஆரம்பித்தார்கள்.

ஒரு திரையில் ஒரே ஒரு கேள்விதான் வரும். இதைச் சிறிய விஷயமாக நினைத்துவிடக் கூடாது. முப்பது கட்டங்கள் கொண்ட படிவத்தைப் பார்த்ததும் எதை நிரப்புவது, எதை விடுவது என்று மனம் தானாகவே தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடும். ஒற்றைக் கேள்விக்கு விடை கொடுத்தால்தான் அடுத்தது வரும் என்றால் அந்தத் தேர்வுக்கே இடமில்லை. எடை கேட்கப்படும், நம்பத்தகாத எண் வந்தால் திரை திரும்பக் கேட்கும். முந்தைய முறை கொடுத்த மாத்திரைகளில் மீதம் எத்தனை என்று கேட்கும். அதிலிருந்து எத்தனை வேளை தவறியிருக்கிறது என்பதை அதுவே கணக்கிட்டுச் சொல்லும். இப்போது கொடுக்கும் மாத்திரை எந்த நாள் வரை வரும் என்று பார்த்து, அடுத்து வர வேண்டிய தேதியையும் அதுவே முன்வைக்கும். செவிலியர் மனக்கணக்காகவோ காகிதத்தின் ஓரத்திலோ போட்டுக்கொண்டிருந்த கணக்குகள்தான் இவை. ஐம்பதாவது நோயாளியைப் பார்க்கும்போது பிழையாகிப் போவதும் இவைதான்.

பிறந்த தேதி தெரியாதவர்கள் மலாவியில் ஏராளம். தேதி இல்லாமல் நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மென்பொருளிடம் ஊழியர்கள் ஜனவரி 1 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. இங்கே திரையிலேயே ‘தெரியாது’ என்று தொடுவதற்கு இடம் வைத்து, உத்தேச வயதை உத்தேசம் என்றே குறித்துக்கொண்டார்கள். ஒரே பெயர் பல விதமாக எழுதப்படும் நாட்டில் ஒலியை வைத்துப் பெயர் தேடும் வசதியும் இருந்தது.

நான் மிகவும் வியந்து பார்ப்பது அந்தச் சிறிய ஒட்டுச்சீட்டைத்தான். மலாவியில் நோயாளி ஒவ்வொருவரும் ‘ஹெல்த் பாஸ்போர்ட்’ எனப்படும் ஒரு சிறு நோட்டைத் தம்மிடமே வைத்திருப்பார். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அதை நீட்டுவார், மருத்துவ அலுவலர் அதில் எழுதித் தருவார். பாவோபாப் அந்த நோட்டை ஒழிக்க முயலவில்லை. பதிவு மேசையில் ஓர் எண்ணும் பெயரும் பட்டைக் குறியீடும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு வரும். அது நோட்டின் மேல் ஒட்டப்படும். அடுத்த முறை அந்தச் சீட்டை வருடிக்கருவியால் ஒரு தரம் வருடினால் போதும், அவருடைய முழுப் பதிவும் திரையில் வந்துவிடும். அட்டைக் கட்டுகளுக்குள் பெயர் தேடி நின்ற நேரம் அத்தோடு மிச்சம். சிகிச்சை முடிந்ததும் அன்றைய எடை, கொடுத்த மருந்து, அடுத்த தேதி எல்லாம் இன்னொரு சீட்டில் அச்சாகி, நோட்டின் உள்பக்கத்தில் ஒட்டப்படும். வெப்பத்தால் அச்சிடும் சிறு அச்சுப்பொறி என்பதால் மை வாங்க வேண்டியதில்லை. ஊழியர் கையால் எழுதிக்கொண்டிருந்ததை இயந்திரம் எழுதித் தந்தது; தொட்டுத் தொட்டுப் பதிவு செய்ததற்கான கூலி அந்த மேசையிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது.

மின்சாரத்தையும் இதே பொறுப்போடுதான் அணுகினார்கள். மலாவியின் மின்சாரம் பெரும்பாலும் ஷிரே ஆற்றின் நீர்மின் நிலையங்களிலிருந்து வருகிறது. தடைபடுவது அன்றாடச் செய்தி. எனவே மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் திரைகளைத் தேர்ந்தெடுத்து, தகவல் போகும் வலைக்கம்பி வழியாகவே அவற்றுக்கு மின்சாரத்தையும் அனுப்பினார்கள். ஆழமாகத் தீர்ந்தாலும் தாங்கும் மின்கலங்களைக் கட்டிடத்திலேயே வைத்து, 48 வோல்ட் நேர்மின்சாரத்தை மாற்றாமல் அப்படியே பயன்படுத்தினார்கள். ஊரில் விளக்கு அணைந்தாலும் மையத்தில் வேலை நிற்காது. சர்வரும் அந்தந்த மையத்திலேயே இருந்ததால் இணையம் அறுந்தாலும் கவலையில்லை.

எல்லோருக்கும் வேண்டாம் என்ற முடிவு

இந்த அமைப்பு வெற்றி பெற்றதும் அதை நாடெங்கும் எல்லா மையங்களிலும் நிறுவிவிட வேண்டும் என்ற ஆசை இயல்பாக எழுந்திருக்கும். அமைச்சகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சுமார் 2,000 நோயாளிகளுக்கு மேல் உள்ள பெரிய மையங்களுக்கு மட்டும் தொடுதிரை. மற்றவை காகிதத்திலேயே தொடரட்டும் என்று வகுத்தார்கள். இரண்டும் ஒரே அட்டை, ஒரே வரையறை, ஒரே காலாண்டு அறிக்கை என்பதால், எண்களைக் கூட்டும் இடத்தில் எந்தச் சிக்கலும் வரவில்லை. காகிதத்தில் நடப்பதைப் பின்தங்கிய நிலையாகக் கருதாமல், அளவுக்கு ஏற்ற கருவி என்று கருதிய இந்தத் தெளிவை மிக அரிதானதாக நான் மதிக்கிறேன்.

இதற்கு நேர்மாறான அனுபவம் தென்னாப்பிரிக்காவின் வட மாகாணத்தில், இன்றைய லிம்போபோவில், சில ஆண்டுகளுக்கு முன்புதான் நடந்திருந்தது. அம்மாகாணத்தின் 42 மருத்துவமனைகளையும் ஒரே கணினி அமைப்பின் கீழ்க் கொண்டுவரும் திட்டத்துக்கு 13 கோடி ராண்டுக்கு மேல் செலவாயிற்று, திட்டம் தோற்றது. 2003-இல் வெளிவந்த மதிப்பீடு கண்ட காரணங்களில் முக்கியமானவை இரண்டு: ஏன் இதைச் செய்கிறோம் என்பதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு முதலிலேயே புரியவைக்கவில்லை, மருத்துவமனை வேலை எவ்வளவு சிக்கலானது என்பதைத் திட்டமிட்டவர்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள். மலாவியைவிடப் பணமும் மின்சாரமும் மருத்துவர்களும் பன்மடங்கு மிகுந்திருந்த நாட்டில் நடந்தது இது.

எண்கள் திரும்பி வந்தபோது

பதிவு செய்வது ஒன்று, பதிவைப் பயன்படுத்துவது மற்றொன்று. வராமல் போனவர்களின் விஷயத்தில் இந்த வேறுபாடு துலக்கமாகத் தெரிகிறது. மூன்று மாதம் வராதவரைப் பேரேட்டில் ‘விடுபட்டவர்’ என்று குறித்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போவதுதான் தொடக்கத்தில் நடந்தது. வடக்கு மலாவியில் அப்படி விடுபட்ட 253 பேரைத் தேடிப் போன ஓர் ஆய்வு, அவர்களில் சரிபாதிப் பேர் இறந்துபோயிருந்தார்கள் என்று 2007-இல் தெரிவித்தது. அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் கடைசியாக மையத்துக்கு வந்த மூன்று மாதங்களுக்குள்ளேயே இறந்திருந்தார்கள். அதாவது, ‘விடுபட்டவர்’ என்று எழுதுவதற்குரிய நாள் வரும் முன்பே அவர்களின் கதை முடிந்திருந்தது.

லிலோங்வேயின் லைட்ஹவுஸ் மையம் இதற்குத் தொடுதிரைப் பதிவைப் பயன்படுத்திக்கொண்டது. குறித்த தேதிக்கு வராதவர்களின் பட்டியலை இரண்டு மூன்று வாரங்களிலேயே எடுத்து, தொலைபேசியில் அழைத்தும் வீட்டுக்கு ஆள் அனுப்பியும் விசாரிக்கும் ஏற்பாட்டை அவர்கள் நிரந்தரப் பணியாக்கினார்கள். தேடிப் போனபோது சிலர் இறந்திருந்தார்கள். சிலர் வீட்டுக்கு அருகிலுள்ள வேறொரு மையத்தில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் பயணச் செலவுக்கு வழியின்றி நிறுத்தியிருந்தார்கள். இப்படி நிறுத்தியவர்களைத்தான் மீட்டு அழைத்துவர முடியும், அதற்கும் சீக்கிரம் போனால்தான் முடியும். காலாண்டுக்கு ஒரு முறை எண்ணும் காகிதத்தால் தர முடியாத விரைவு இது.

நாட்டின் கொள்கையையே இந்தத் தரவு தொட்ட சந்தர்ப்பமும் உண்டு. 2011-இல் மலாவி, தொற்றுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும், இரத்தத்தில் எதிர்ப்பு அணுக்கள் எத்தனை என்ற சோதனைக்குக் காத்திராமல், வாழ்நாள் சிகிச்சையை உடனே தொடங்குவது என்று முடிவெடுத்தது. ‘ஆப்ஷன் பி பிளஸ்’ என்று பின்னர் உலகம் ஏற்றுக்கொண்ட இந்த வழியை முதலில் நடைமுறைப்படுத்திய நாடு அதுதான். சோதனைக் கருவிகள் எல்லா இடங்களிலும் இல்லாத ஒரு நாடு தன் நிலைமையைத் தானே சிந்தித்துக் கண்ட வழி அது. காலாண்டுக்குச் சிகிச்சை தொடங்கிய கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் 2011-இன் இரண்டாம் காலாண்டில் 1,257 பேர். 2012-இன் மூன்றாம் காலாண்டில் 10,663 பேர்.

அந்த எண்களோடு நின்றிருந்தால் அது முழு வெற்றியாகவே எழுதப்பட்டிருக்கும். ஆனால் மையங்களின் காலாண்டு அறிக்கைகளையும், தொடுதிரை மையங்களில் இருந்த தனித்தனி நோயாளிகளின் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்குள் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் தொடர்பு விட்டுப்போயிருந்தார்கள். தம் உடல்நிலை மோசமானதால் சிகிச்சை தொடங்கிய பெண்களோடு ஒப்பிட்டால், கர்ப்ப காலத்தில் தொடங்கியவர்கள் முதல் வருகைக்குப் பிறகு திரும்பியே வராமல் போகும் வாய்ப்பு ஐந்து மடங்காக இருந்தது. நோயின் அறிகுறி எதுவும் இல்லாத ஒரு பெண்ணிடம், தொற்று இருக்கிறது என்பதையும் இன்றிலிருந்து ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்பதையும் ஒரே நாளில் சொல்லி அனுப்பினால் என்ன நேரும் என்பதை அந்த எண்கள் எடுத்துக்காட்டின. மொத்தக் கூட்டல்கள் மட்டும் இருந்திருந்தால், விட்டுப்போனவர்கள் நடுவில் நின்றார்களா, முதல் நாளோடு நின்றார்களா என்பது தெரிந்திருக்காது. முதல் நாளில் நடக்கும் ஆலோசனையைச் சீர்செய்ய வேண்டும் என்று துல்லியமாகக் காட்டியது ஒவ்வொரு வருகையையும் தனித்தனியே வைத்திருந்த பதிவுதான்.

சிறிய மையங்களுக்குத் தரவு எப்படித் திரும்பி வரும் என்ற கேள்விக்கு, தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவுகளின் அனுபவம் நல்ல துணை. அங்கு டி.எச்.ஐ.எஸ். என்ற மாவட்டச் சுகாதாரத் தகவல் மென்பொருளைக் கொண்டுவந்தவர்கள், காலாண்டுதோறும் மாவட்ட ஊழியர்களை ஓரிடத்தில் கூட்டி, அவரவர் மாவட்டத்தின் எண்களை அவரவரே எடுத்துவைக்கவும், பக்கத்து மாவட்டத்தார் அதைக் கேள்வி கேட்கவும் ஏற்பாடு செய்தார்கள். தரவு மோசமாக இருப்பதால் யாரும் பயன்படுத்துவதில்லை, யாரும் பயன்படுத்தாததால் அது மோசமாகவே இருக்கிறது என்ற சுழலை அந்தக் கூட்டங்கள் உடைத்தன. யாருக்கும் உதவாத கேள்விகள் படிவத்திலிருந்து நீங்கின. மென்பொருளில் என்ன மாற வேண்டும் என்பதும் அங்கிருந்தே போனது. மலாவியின் மேற்பார்வைப் பயணங்களும் சான்சிபாரின் கூட்டங்களும் வடிவில் வேறானாலும் செய்த வேலை ஒன்றுதான்: எழுதியவர் முன்னிலையில், எழுதியதைப் படித்தார்கள்.

செலவை யார் ஏற்பது

இந்த அமைப்பின் பலவீனம் அதன் பணத்தில் இருக்கிறது. மின்கலத்துக்கு ஆயுள் சில ஆண்டுகள், தொடுதிரை தேயும், பழுது நீக்கப் பயிற்சி பெற்ற இளைஞர்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும். மலாவியின் எச்.ஐ.வி. செலவில் மிகப் பெரும் பகுதி உலக நிதியத்திலிருந்தும் அமெரிக்க அரசின் திட்டத்திலிருந்தும் வந்தது. நிறுவும்போது பணம் தருவதற்குப் பலர் முன்வருவார்கள், ஏழாம் ஆண்டில் மின்கலம் மாற்றுவதற்கு முன்வருகிறவர்கள் குறைவு. கண்டம் முழுவதற்கும் உள்ள நோய் இது. சோதனை முயற்சிகளாகவே தொடங்கி, விரிவடையாமல் முடிந்துபோகும் கைப்பேசித் திட்டங்கள் பெருகியதைக் கண்டு, உகாண்டாவின் சுகாதார அமைச்சகம் 2012 ஜனவரியில் புதிய சோதனைத் திட்டங்களையே நிறுத்தி வைத்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது, பிறர் பணத்தில் ஓடும் சர்வர்கள் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றன என்பது எல்லா நாடுகளுக்கும் ஒரே வாரத்தில் தெரிந்தது.

மலாவிக்கு இதில் ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது என்றால், அது அந்தப் பழைய அட்டை வடிவத்தையும் ஹெல்த் பாஸ்போர்ட்டையும் கைவிடாததால் கிடைத்தது. சர்வர் நின்றுபோன ஒரு நாளில் ஒரு பெண் தன் நோட்டை நீட்டினால், போன முறை எத்தனை மாத்திரை கொடுத்தார்கள், எடை என்ன, எப்போது வரச் சொன்னார்கள் என்பது உள்பக்கத்து ஒட்டுச்சீட்டில் அச்சாகி இருக்கும். செவிலியர் அதைப் படித்துப் பார்த்து, அடுத்த தேதியை அதன் கீழே பேனாவால் எழுதிக் கொடுத்து அனுப்பலாம்.